வீட்டுக்கே வரும் டாக்டர்

காலைத் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. நாத்தனார் தன் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. இதை வித்துச் சந்தாவைக் கட்டு. என் தம்பி உயிரை விட இது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. இப்பவாவது சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற தம்பி பெண்டாட்டி, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அண்ணி."

"ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லு!"

காரணம் தொண்டைவரை வந்தது. அவள் புருஷன், கோட்டுத் தைக்கும் மாஸ்டர், தலையைக் குனிந்தபடி மேஜை விரிப்பின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மாஸ்டர் போன வருஷம் மாரடைப்பு வந்து, எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர். அவரை அன்றும் இன்றும் பார்ப்பவர் அவர்கள் குடும்ப டாக்டர். மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பழக்கம். அந்த டாக்டர் இப்போது ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார். இனிமேல் கொஞ்சம் பேரைத்தான் பார்ப்பாராம். வருஷச் சந்தா கட்டினால் எந்நேரமும் போனில் கிடைப்பார், வீட்டுக்கே வருவார், அவசரமே இல்லாமல் உட்கார்ந்து பார்ப்பார். கட்டாதவர்கள் வேறு டாக்டரைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கெட்டிக்கார ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தாதான் கழுத்தை நெரிக்கும். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பேன் என்று காட்டவே இன்று காலை டாக்டர் நேரில் வருகிறார்.

"அம்மா, நான் கடன் போட்டுக் கட்டறேன்மா," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் மகள். கண் கலங்கியிருந்தது. "உன்கிட்ட ஒரு பைசா கேக்கல. பின்னே ஏம்மா தடுக்கறே?"

"அவ தடுக்கத்தான் செய்வா!" நாத்தனார் வெடித்தாள். "ரெண்டு பொத்தானுக்கு ஒரு பொத்தானா மிச்சம் பிடிச்சே பழகினவ. புருஷன் உயிருலயும் மிச்சம் பிடிக்கிறா! இருமறவன் தும்மறவன் நடுவுல, கிளினிக் வரிசையில என் தம்பி உக்காந்து சாகணுமா? அன்னைக்கு மட்டும் அந்த டாக்டர் பக்கத்துல இருந்திருந்தா இவனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? சொல்லுடி… வந்திருக்குமா?"

மாஸ்டரின் பெண்டாட்டி கை துடைத்த துண்டை ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்கு டாக்டர் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு முழம் தள்ளிக்கூட இல்லை. அதை எப்படிச் சொல்வாள்? சொல்ல மாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாளே!

மாஸ்டர் அப்போதாவது, "அவளைத் திட்டாதே அக்கா," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கடையில ஒரு கோட்டு வெட்டிப் போட்டிருக்கேன், டாக்டர் வர்றதுக்குள்ள வந்துடறேன்," என்று எழுந்து போனார். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களின் மௌனத்தால் பெண்டாட்டிமார் படும் பாடு இருக்கிறதே, அதைக் கேட்க நாதியில்லை.

அவள் சன்னலில் நின்று அவர் தெருவைக் கடப்பதைப் பார்த்தாள். மாரடைப்பு வந்த நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. அவர் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவாள். தும்மினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்: "ஒண்ணுமில்லே." அந்த ஒண்ணுமில்லேயைக் கேட்ட ராத்திரியெல்லாம் அவள் தூங்காமல் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பாள்.

இப்போதும் பார்த்தாள். எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்தவர், கடைக் கதவைத் திறக்காமல் அதன் மேல் கையை ஊன்றி நின்றார். சாவியைத் தேடுகிறாரோ? இல்லை, சாவி கையில்தான் இருக்கிறது. சும்மா நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து கதவைத் திறந்து உள்ளே போனார், ஒன்றும் நடக்காததுபோல.

டாக்டர் வந்தார். நரைத்த தலை, மாஸ்டர் தைத்த சாம்பல் நிறக் கோட்டு, கையில் பை. நாத்தனார் அவரை ராஜாவை வரவேற்பதுபோல் வரவேற்று நல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள். மாஸ்டரும் வந்து சேர்ந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கீங்க மாஸ்டர்?"

"எனக்கென்ன சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! உங்களுக்குத்தான் இடது தோள் கொஞ்சம் இறங்கித் தெரியுது. கடைக்கு வாங்க, பஞ்சு வச்சுச் சரி பண்ணிடறேன்."

டாக்டர் சிரித்தார். நாத்தனார் சிரித்தாள். மகள்கூடச் சிரித்தாள். அவள் மட்டும் புருஷனின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் துடைத்தார், அதற்குள் மறுபடி வியர்வை முத்து முத்தாய்.

"வியர்க்குதே?"

"வெயில்ல நடந்து வந்தேன் சார்."

"நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது… ஏதாவது?"

"ஒண்ணுமில்லே சார்."

அவர் இடது கை தாடையைத் தடவியது. ரகசியமாகத் தடவியது. டாக்டர் பைக்குள்ளே குனிந்திருந்தார், பார்க்கவில்லை. நாத்தனார், "பாருங்க டாக்டர், நீங்க வந்தாலே என் தம்பிக்குப் பாதி நோய் ஓடிப்போகுது. இதுக்காகவே சந்தா கட்டலாம்," என்றாள்.

சத்தியமாவது, மண்ணாவது! அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"பொய்!"

அறை முழுக்க அதிர்ந்தது. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"பொய் சொல்றாரு டாக்டர்! தாடை வலிக்குது இவருக்கு. இப்பவே வலிக்குது. காலையில கடை வாசல்ல கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு… நான் பார்த்தேன்!"

"ஏய், சும்மா இரு…" மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"சும்மா இருந்து இருந்துதான் நாசமாப் போனேன்! அன்னைக்கு உங்களுக்கு அளவு எடுக்கும்போதே இவருக்கு நெஞ்சை அடைச்சுது டாக்டர். உங்க நெஞ்சைச் சுத்தி டேப்பைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரே, அப்பவே! நான் உள்ளே உக்காந்து பொத்தான் தைச்சுக்கிட்டிருந்தேன். கண்ணாடியில இவர் மூஞ்சி தெரிஞ்சுது. பேய் அறைஞ்ச மாதிரி இருந்துது. ஓடி வந்தேன். வராதேன்னு கண்ணாலயே அதட்டினாரு. சிரிச்சுக்கிட்டே அளவு எடுத்து முடிச்சு, உங்களை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம்தான் சார் விழுந்தாரு… அப்புறம்தான்!"

டாக்டரின் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப் குழாய் அப்படியே நின்றது. "ஏன் மாஸ்டர்? ஏன் சொல்லல?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "அளவு எடுக்கும்போது கஸ்டமரைப் பதற வைக்கக் கூடாது சார். பதறினா தோள் தூக்கிக்கும். அளவு போயிடும்." பிறகு இன்னும் மெதுவாக, "அப்புறம்… நீங்க எவ்வளவு பெரிய மனுஷன். உங்க முன்னாடி நான் எப்படி சார் முனகறது?"

கேட்டீர்களா கதையை? தோள் அளவு போய்விடுமாம், அதற்காக உயிர் போனால் பரவாயில்லையாம்!

அதற்குமேல் பேச நேரமில்லை. டாக்டர் பையிலிருந்த சின்ன ஈசிஜி கருவியை எடுத்து அவர் மார்பில் ஒட்டினார். காகிதம் வெளியே வர வர டாக்டரின் நெற்றி சுருங்கியது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்றார் மகளிடம். "உடனே."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை ஒருவருக்கும். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்ததும், வண்டி அலறிக்கொண்டு வந்ததும், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததும் அவளுக்கு ஏதோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. வண்டிக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. நான் கொஞ்சம் முன்னாலேயே கத்தியிருக்கலாமே, போன மாதமே கத்தியிருக்கலாமே… ஐயோ, என் சத்தியம் இவரைக் கொன்றுவிடுமோ!

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் திரைக்குப் பின்னால் கட்டில். தூக்கமில்லாத கண்ணோடு ஓர் இளம் டாக்டர் வந்தான். முன்பின் தெரியாதவன்.

"ஐயா, வலி எங்கே இருக்கு? எவ்வளவு இருக்கு? கரெக்டாச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

மாஸ்டரின் பார்வை தானாகவே பக்கத்தில் நின்ற குடும்ப டாக்டரின் பக்கம் போனது. உதடு சிரிக்கப் பார்த்தது. "அவ்வளவா ஒண்ணும்…"

அவள் சட்டென்று முன்னால் வந்தாள். குடும்ப டாக்டரின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் குவித்தாள்.

"டாக்டர்… கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

"என்னடி பேசறே!" என்று நாத்தனார் பதறினாள்.

ஆனால் டாக்டருக்குப் புரிந்தது. ஒரு நிமிஷம் மாஸ்டரைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு திரையை விலக்கி வெளியே போனார்.

திரை மூடியது. மாஸ்டர் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டேயிராத ஒரு சத்தம் அவர் நெஞ்சிலிருந்து வந்தது.

"வலிக்குது… ஐயோ, வலிக்குதுடா தம்பி… தாடை, தோளு, முதுகெல்லாம் பிடிச்சு இழுக்குது… ரொம்ப நாளா வலிக்குதுடா…"

பெரிய மனுஷன், குழந்தைபோல் அழுதார். அந்த இளம் டாக்டர் ஓடினான், ஆட்களைக் கூப்பிட்டான், கட்டில் உருண்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று விம்மினாள்.

அடைப்பு எடுத்தாகிவிட்டது, பிழைத்துவிடுவார் என்று சொல்லும்வரை மூன்று பெண்களும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியபோது எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாஸ்டர் முதலில் தன் அக்காவைத்தான் பார்த்தார்.

"அக்கா, அவளைச் சத்தியம் பண்ண வச்சது நான். ஏன் சந்தா வேண்டாம்னா தெரியுமா? அந்த டாக்டர்கிட்ட நான் உண்மை பேச மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். சொன்னா என் மானம் போயிடும்னு, நீ திட்டத் திட்ட வாங்கிக்கிட்டு நின்னா. நான் கல்லுளிமங்கனாட்டம் உக்காந்திருந்தேன்… என்னைத்தான் நீ செருப்பால அடிக்கணும்."

மகள், "அம்மா…" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். நாத்தனார் சுவரோரம் திரும்பி நின்றாள்.

குடும்ப டாக்டர் வந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். "மாஸ்டர், சந்தாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானே பாத்துக்கறேன். எந்நேரம் கூப்பிட்டாலும் வரேன்," என்றார்.

மாஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு முடிவுக்கு அவள் வாயை எல்லாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க நல்லவரு டாக்டர்," என்றாள் அவள். "அதுதான் கஷ்டமே. நீங்க கொஞ்சம் சிடுமூஞ்சியா இருந்திருந்தா இவரு என்னைக்கோ முனகியிருப்பாரு. சந்தா கட்டினா நீங்க வருவீங்க, எனக்குத் தெரியும். ஆனா உங்களைப் பார்த்ததும் இவரு எழுந்து நின்னு சிரிப்பாரே? தெருமுனை கிளினிக்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. எரிஞ்சு விழுவாங்க. வரிசையில உக்காரணும். உக்காந்துக்கறோம். நீங்க எப்பவும்போல கடைக்கு வாங்க, கோட்டு தைச்சுக்குங்க."

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "எந்நேரமும் கூப்பிட ஓர் ஆள் இல்லாம… பயமா இருக்காதாம்மா?"

"பயம்தான் டாக்டர். எங்கே போகும் பயம்? ஆனா இவரு ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னு சொல்லச் சொல்ல, நான் ஒருத்தியாத் தனியா பயந்தேன் பாருங்க… யாருகிட்டயும் சொல்ல முடியாம, அந்தப் பயம் இனிமே வேண்டாம் எனக்கு."

சுவரோரம் நின்றிருந்த நாத்தனார் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். ஓடிவந்து அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நானும் பயத்துலதான்டி கத்தினேன்… உன்னைத் திட்டினா என் பயம் குறையும்னு நெனச்சேன். பாவி நான். இனிமே நீ தனியாப் பயப்படாதே… என்னையும் கூப்பிடு. என்ன நேரமானாலும் என்னைக் கூப்பிடு!"

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்தவரின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தபடி நின்றார்கள்.