ஏழாம் மதகின் அல்லெண்

ஏரி நிரம்பிக் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மதகறிவன் ஒரு மதகையும் திறக்கவில்லை.

எந்த மதகைத் திறந்தால் கீழே எவ்வளவு இழப்பு என்று கணக்கிட்டு, குறைந்ததைத் திறப்பது அந்த இயந்திரத்தின் வேலை. மனிதன் கையில் விட்டால் தன் ஆட்கள் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துவிட்டுத் திறப்பான் என்று, கைச்சக்கரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் மகிழினி தொலைபேசியில் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள். கரை உடைந்தால் முதலில் மூழ்குவது அவள் மகள் நறுமுகை படிக்கும் பள்ளிக்கூடம். காலையிலிருந்து அங்கே யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவன் உதவிப் பொறியாளர் இர்ஃபான். ஏழாம் மதகின் இழப்பு ஓர் அல்லெண்ணாக இருந்தது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் வருமே, எண்ணைப் போல் நடிக்கும் எண்ணல்லாத ஒன்று, அது. எதனோடு ஒப்பிட்டுப் பெரியதா என்றாலும் இல்லை, சிறியதா என்றாலும் இல்லை. சிறு மழைகளில் இதனால் தொல்லை வந்ததில்லை. ஏழாம் மதகு மட்டும் ஒருபோதும் திறக்காது, யாரும் கவனிக்கவுமில்லை. இன்றோ பெருவெள்ளம், எல்லா மதகுகளின் இழப்பையும் கூட்டியாக வேண்டும். குடம் பாலில் துளி விஷமாக ஓர் அல்லெண் விழுந்து மொத்தமும் அல்லெண்ணாகிவிட்டது. கரை உடைவதைவிட மதகைத் திறப்பது மேலா என்று இயந்திரம் தன்னையே கேட்டுக்கொண்டு, இல்லை இல்லை என்று சும்மா இருந்தது.

அல்லெண்ணைப் பிடிக்க எளிய வழி, அது தனக்குத்தானே சமமா என்று கேட்பது. எண்களில் தனக்கே சமமில்லாதது அது ஒன்றுதான். மகிழினி அவசரமாக அந்தச் சோதனையை எழுதினாள்: சமமில்லையேல் பூச்சியம் என்று கொள்.

"மேடம், அது ஏன் வந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துடலாமே."

"தலைக்கு மேல வெள்ளம் போகுது இர்ஃபான். அப்புறம் பாரு."

மதகறிவன் விழித்துக்கொண்டது. இழப்பு பூச்சியம் என்று ஏழாம் மதகை முழுக்கத் திறந்தது. ஏரி இறங்கத் தொடங்கியதும் மகிழினி நாற்காலியில் சரிந்து அழுதாள்.

இர்ஃபான் அப்போதுதான் பார்த்தான். ஏழாம் மதகுக்குக் கீழே அலையாத்தி நகர். ஆக்கிரமிப்பு என்று குடியிருப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இடம். பதிவான ஆள் பூச்சியம், வீடு பூச்சியம். வீட்டுக்கு எத்தனை பேர் என்று இயந்திரம் வகுத்திருக்கிறது. அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மகிழினியின் தொலைபேசி ஒலித்தது.

"அம்மா, பயப்படாத. ஸ்கூல்ல எங்க எல்லாரையும் அலையாத்தி நகருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இந்தப் பக்கம் மட்டும் தண்ணி வந்ததே இல்லையாம். பாதி ஊரு இங்கதாம்மா இருக்கு."

எங்கேயாவது மாடி இருந்தால் ஏறு என்றாள் மகிழினி. மாடியே இல்லை என்றது பிள்ளை.

தான் எழுதிய வரியை மகிழினி அழித்தாள். பயனில்லை, திறந்த மதகை மூட இயந்திரத்துக்குப் பட்டியலில் உள்ள ஓர் எண் வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் மக்கள் இருக்கிறார்கள், என் மகள் இருக்கிறாள் என்று தட்டினாள். மதகறிவன் பொறுமையாக அவர்களின் வீட்டு எண்களைக் கேட்டது. அலையாத்தி நகரில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது.