பாதிக் கிண்ணம்

காலையில் எங்கள் தெருவில் முதலில் கேட்பது சேவல் சத்தம் இல்லை, சீப்புச் சத்தம்தான். வீட்டுக்கு வீடு உணவு வாரியம் கொடுத்த உணரிச் சீப்பு. தலையில் ஓட்டினால் பல்லில் இருக்கும் சென்சார் மயிர்க்காலைத் தொட்டுப் பார்த்து, உடம்பில் புரதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். பச்சை எரிந்தால் ‘நிறைவு’ என்று இனிமையாகச் சொல்லும். சிவப்பு எரிந்தால் ‘குறைவு’ என்று அதே இனிமையோடு சொல்லும். இழவு வீட்டிலும் அந்தக் குரல் மாறாது.

என் அக்கா பிரகாசிக்கு எப்போதும் சிவப்புதான்.

வயிற்றைச் சுருக்கும் அறுவை முடிந்த புதிதில் யாரும் கவலைப்படவில்லை. குறுவயிறு செய்துகொண்டவர்களுக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டும், ஒழுங்காகப் புரதம் குடித்தால் வருஷம் திரும்புவதற்குள் முளைத்துவிடும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். முன்காலத்தில் உடம்பு பெருத்தவர்கள் இளைப்பதற்காக இதைச் செய்துகொண்டார்களாம். அக்கா ஏற்கெனவே ஈர்க்குச்சி. இளைப்பதற்கு அவளிடம் எலும்புதான் மிச்சம் இருந்தது.

கடல் உப்பளத்துக்குள் ஏறி, மீனும் அற்றுப்போன பிறகு தூத்துக்குடியில் மிஞ்சியது பாத்திகளில் வளர்க்கிற பாசி. அதிலிருந்து எடுக்கும் பாசிப்பால் ஒன்றுதான் எங்களுக்குப் புரதம். எல்லோருக்கும் ஊற்ற அது போதாது. அதனால் வாரியம் ஒரு கணக்குப் போட்டது. பெரிய வயிற்றுக்காரர்கள் கிழங்குக் கஞ்சியைக் குடித்து நிரப்பிக்கொள்ளலாம். வயிற்றைச் சுருக்கிக்கொண்டு கஞ்சியை மிச்சம் பிடிப்பவர்களுக்கு மட்டும் தினம் ஒரு கிண்ணம் பாசிப்பால். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பசித்தவனைக் கட்டாயப்படுத்த என்ன இருக்கிறது?

அக்கா வீட்டுக்காரர் அமலதாஸ் அத்தானுக்கு அறுவை செய்ய டாக்டர் மறுத்துவிட்டார். இதயம் தாங்காதாம். ஆகவே அவருக்குக் கஞ்சி மட்டும். கஞ்சி வயிற்றை நிரப்பியது; கால் வீங்கியது, முகம் ஊதியது, தோள் சதை கரைந்தது. பாத்தியில் நாளெல்லாம் பாசியைக் கலக்கித் தள்ளிய மனிதர், வாசலுக்கு வருவதற்கே சுவரைப் பிடித்தார். அந்த வாரமே அக்கா அறுவைக்குப் பெயர் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். அவளுக்கு முறை வந்தது, எனக்கு வரவில்லை.

கிண்ணம் கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரே நாடகம். அக்கா இரண்டு மடக்குக் குடிப்பாள். நெஞ்சைத் தடவிக்கொள்வாள். வயிறு அடைத்துவிட்டது, மிச்சத்தைக் கொட்டினால் பாவம் என்று அத்தானிடம் நீட்டுவாள். குறுவயிற்றுக்காரர்கள் எதையும் முழுசாகக் குடிக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம், அவரும் நம்பினார். கால்வீக்கம் வடிந்தது. பழையபடி கேலி பேச ஆரம்பித்தார். அக்காவின் வகிடு அகலமாகிக்கொண்டே போனதைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாளில் இவள் தலையில் பாத்தி கட்டிப் பாசி வளர்க்கலாம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.  நான் அவளைத் தனியாக இழுத்துப்போய்ச் சண்டை போட்டேன். முடிதானே போகிறது, உயிரா போகிறது என்று வாயை அடைத்துவிட்டாள்.

சீப்பை அவள் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் ஓட்டுவாள், குரல் உள்ளே கேட்காமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிவிட்டது. நான் வாரி விடுகிறேன் என்று அத்தான் விளையாட்டாகச் சீப்பைப் பிடுங்கி அவள் தலையில் வைத்தார்.

‘குறைவு. தொடர்ந்து குறைவு. உங்கள் கிண்ணத்தைப் பிறரோடு பகிராதீர்கள்.’

 அத்தான் சீப்பில் சிக்கிய முடியை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

“ஏட்டி, ஒந் தலைமுடியவா இத்தன நாளும் குடிச்சேன்?”

“பேசாம இருங்க. முடி போனா மொளைக்கும். நீங்க போனா மொளைப்பியளா?”

 மறுநாள் அக்கா கிண்ணத்தை நீட்டியபோது அவர் குடிக்க மறுத்துவிட்டார். அவள் கெஞ்சினாள், சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள், நீங்கள் குடிக்காவிட்டால் நானும் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். இருவருக்கும் நடுவில் பாசிப்பால் புளித்துப்போனது. வீட்டில் அதைவிடக் கொடுமையான நாள் வேறு இல்லை. கடைசியில் அவர்தான் ஒரு பேரம் பேசினார். நீ முழுசாகக் குடித்தால் நான் கஞ்சி குடிப்பேன், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம் என்றார். சொன்னால் செய்கிற ஆள். தினமும் எதிரே உட்கார்ந்து, கடைசி மடக்கு அவள் தொண்டையில் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அழுதுகொண்டே குடிப்பாள்.

வீக்கம் திரும்பி வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த சில நாளில் எனக்கு அறுவைக்கு முறை வந்துவிட்டதாக வாரியத்திலிருந்து தகவல் வந்தது. இருக்கும்போது வராதது எல்லாம் அப்புறம்தான் வரும்.

கல்லறை மண் காய்வதற்குள் அக்காவின் தலையில் கருகருவென்று முடி முளைக்க ஆரம்பித்தது. தெருப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நாங்க அப்பவே சொன்னோம்லா, மொளைச்சிரும்னு என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அவர்களைக் கோபித்து என்ன செய்ய? அக்கா இன்னும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தட்டால் மூடி வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்து, தட்டை எடுத்துவிட்டு மிச்சத்தையும் குடிக்கிறாள்.

நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார்ந்தாள். தலையை வாரச் சொன்னாள். பாரம் தாங்காதவள் மாதிரி கழுத்தைத் தாழ்த்தியிருந்தாள். எனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

“வெட்டிரட்டுமாக்கா?”

“வெட்டாத. ஏட்டி, இது அவுக பங்கு. இறுக்கிப் பின்னு.”

வகிடெடுக்கச் சீப்பை வைத்தேன். ‘நிறைவு’ என்றது. அக்காவின் தோள் குலுங்கியது. கழுத்தைக்கூட எட்டாத அந்தப் புது முடியை நான் விடாமல் பின்னிக்கொண்டிருந்தேன்.