டிக்கெட் இல்லாத செட்டியார்

சென்னைப்பட்டணத்திலிருந்து கல்கத்தாவுக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. கல்கத்தாவின் பவானிபூரில் தமிழ் வீடுகள் குறைவு. நவராத்திரி வந்தால் எல்லோரும் எல்லோர் வீட்டுக் கொலுவுக்கும் போவார்கள். கொலுவுக்கு வரும் பெண்குழந்தை பாட வேண்டும். பாடினால்தான் சுண்டல்.

சாவித்ரிக்குப் பாட வராது.

அவள் தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்தவள். முதல் நாள் ஒரு வீட்டில் பாடச் சொன்னபோது அழுதுவிட்டாள். "இனிமே யாராத்துக்கும் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். இன்று அவள் அம்மா கெஞ்சிக் கூத்தாடி ஜெயலக்ஷ்மி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

ஜெயலக்ஷ்மிக்கு ஒன்பது வயது. தொன்னைகளில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். கொலுவுக்கு வந்திருந்த அவளுடைய அத்தை சுப்புலக்ஷ்மி ஜமக்காளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாடீ கொழந்தே. ஒரு பாட்டுப் பாடு."

சாவித்ரி தலையைக் குனிந்தாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சாவித்ரியின் உதடு பிதுங்கியது. ஜெயலக்ஷ்மி கரண்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் பாடறேன். நீ சும்மா வாயை அசை," என்று காதில் சொன்னாள்.

"அவா கண்டுபிடிச்சுடுவா."

அதுவும் சரிதான். அத்தையின் காது அப்படி.

சாவித்ரி கொலுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்ப்படியில் மளிகைக்கடை வைத்திருந்த செட்டியார் பொம்மையைக் கண்டதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"என்ன?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"எங்காத்துச் செட்டியார் ரயில்ல வந்தார். டிக்கெட் இல்லாம."

"அதைச் சொல்லேன்."

"இதைப் போயா?"

ஜெயலக்ஷ்மி அத்தை பக்கம் திரும்பினாள். "அத்தை, இவ பாடமாட்டா. ரயில்ல நடந்ததைச் சொல்லுவா."

"கொலுவுல ரயில் கதையா?"

"நாங்க பாடற பாட்டெல்லாம் உங்களுக்குத் தெரியும். இது தெரியாதே."

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி, சொல்லட்டும்."

சாவித்ரி மெதுவாக ஆரம்பித்தாள். மண்பொம்மை உடையக்கூடாது என்று, செட்டியாரையும் அவர் மனைவியையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று அப்பா யாரிடமோ பேசியது காதில் விழுந்ததாம். டிக்கெட் பரிசோதகர் வந்ததும் பயந்துபோய் இரண்டையும் அப்பாவின் துண்டால் மூடினாளாம்.

"'இதுல யாரு?'ன்னு கேட்டார். 'ரெண்டு பேர். இன்னும் மூணு வயசு ஆகலை'ன்னேன். துண்டை விலக்கிப் பார்த்தார்."

"அப்புறம்?" என்றாள் அத்தை.

"'பொண்ணை விட்டுடலாம். பையனுக்கு மீசை மொளைச்சிருக்கே'ன்னார்."

அத்தைக்குச் சிரிப்பில் புரையேறியது. ஜெயலக்ஷ்மி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். குடித்து முடித்ததும், "எனக்கு அப்போ ஏழு வயசிருக்கும்" என்று அத்தையே ஒன்று தொடங்கினாள். அடுத்து ஜெயலக்ஷ்மியின் அம்மா. துர்கா பூஜை மேளக்காரர்கள் தெருவோடு போனார்கள். ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை.

சாவித்ரி சுண்டலை மறுபடியும் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் அத்தை வீட்டுக் கொலு. சாவித்ரி எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஜெயா சொல்லட்டும்," என்றாள் அத்தை.

ஜெயலக்ஷ்மி விழித்தாள். பாட்டு என்றால் எத்தனை வேண்டுமானாலும் பாடுவாள். "எனக்கு ஒண்ணும் நடக்கலையே, அத்தை."

சாவித்ரி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நேத்து நடந்ததைச் சொல்லேன்," என்றாள்.