காலி டிஸ்க்கில் ஈர முடி

சீசன் நேரத்துக் குற்றாலத்தைச் சாரல், குளிர்காற்று என்று ஆளாளுக்குப் புகழ்வார்கள். லாட்ஜுகளின் பின்பக்கம் யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்களா? ஊரெல்லாம் தேய்த்துக் குளித்த எண்ணெயும் உதிர்ந்த முடியும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். தென்காசியில் கேமரா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உமா மகேஸ்வரிக்கு அந்த வாடையே ஆகாது. அவள் கெட்ட நேரம், அன்றைக்குப் போன லாட்ஜில் கேமரா ரெக்கார்டர் இருந்த அறை, குளியலறைகளுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி இருந்தது. மத்தியான வெளிச்சம்கூட அங்கே பாசி நிறத்தில்தான் கிடந்தது.

"டிஸ்க்கு நிறைஞ்சு போச்சும்மா," என்றார் லாட்ஜ் முதலாளி அய்யாத்துரை. "பழசை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக்குடு. கூட்டம் வந்துக்கிட்டே இருக்கு, கேமரா ஓடணும்லா."

"எதையும் எடுத்து வைக்கணுமா அண்ணாச்சி?"

"ஒரு மண்ணும் வேண்டாம்."

டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போனார். சீ! அது பிசுபிசுவென்று ஒட்டியது. கையைத் துணியில் துடைத்தும் எண்ணெய் போகவில்லை.

அறை வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய், அவர் போவதையே பார்த்திருந்துவிட்டு மெல்ல உள்ளே வந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"தாயி, எம் மவ முத்துச்செல்வியும் இங்கனதான் வேல பாத்தா. சீசன் தொடங்குன அன்னைக்குக் காணாம போனவ. எவன்கூடயோ ஓடிட்டான்னு அண்ணாச்சி சொல்லுதாரு, ஊரும் அதையே சொல்லுது. எம் மவ அப்படிப்பட்டவ இல்ல. அந்தப் பொட்டிக்குள்ள அவ இருக்காளான்னு ஒரு தடவ பாரேன் தாயி."

"பாக்கேன்க்கா," என்று உமா ஒப்புக்குச் சொன்னாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்றத்திலிருந்து தப்பித்தால் போதும் என்ற நினைப்புதான் ஜெயித்தது. மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். டிஸ்க்கை அழித்துப் புது ஃபைல் சிஸ்டம் போடுவது வயலுக்குப் புது வரப்பு வெட்டுவது மாதிரி. மேலே பார்த்தால் வயல் காலி. பழைய வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், வேண்டுமானால் பிறகு தோண்டிக்கொள்ளலாம். அய்யாத்துரைக்கு இது தெரியாது. அழித்துவிட்டால் எரித்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டினாள். LODGE என்று பெயர் வைத்து, டிஸ்க்கைப் புதிதாக்கும் mkfs.ext4 -L LODGE /dev/sdb1 கட்டளையை அடித்தாள். இதில் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, தொடரவா என்று திரை கேட்டது. y என்று அழுத்தினாள்.

வேலை முடிந்தது. சரிபார்க்கத் திறந்தாள்.

டிஸ்க்கின் பெயர் SELVI என்று இருந்தது.

கை தவறி அடித்திருப்போம் என்று இன்னொரு முறை போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தாள்.

SELVI.

புது டிஸ்க்கில் lost+found என்று ஒரு ஃபோல்டர் தானாக உண்டாகும். அது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு வீடியோ இருந்தது.

அதைத் தொடுவதற்குள் விரலில் ஏதோ ஊர்ந்தது. டிஸ்க் மூடியில் காற்றுக்காக விட்டிருக்கும் சின்னத் துளை வழியாகக் கறுப்பு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதோடு ஒரு முடி.

இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீளத்துக்கு, ஈரமாக, நேராக. நுனியில் வெள்ளையாகத் தோல் ஒட்டியிருந்தது. சீயக்காயும் சாக்கடையும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கருமமே! உமா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடியோ தானாக ஓடத் தொடங்கியது.

லாட்ஜின் பின்முற்றம். செப்டிக் டேங்க் மூடி திறந்திருக்கிறது. அய்யாத்துரை ஒரு பெண்ணை அக்குளில் கை கொடுத்து இழுத்து வருகிறார். அவள் தலை தொங்குகிறது, முடி தரையைப் பெருக்குகிறது. உள்ளே தள்ளுகிறார். முடி மட்டும் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. காலால் மிதித்து மிதித்து அதையும் உள்ளே திணிக்கிறார்.

"முடிஞ்சுதா?"

குரல் அவள் பிடரியில் பட்டது. அய்யாத்துரை பின்னாலேயே நின்றார்.

திரையில் ஒன்றுமே இல்லை. காலி. அவள் எதையும் தொடவில்லை.

"போட்டாச்சு அண்ணாச்சி," என்றாள். "ஆனா டிஸ்க்குல கோளாறு இருக்கு, ரெக்கார்டர் எடுக்காது. எங்கிட்ட இருக்க புதுச மாட்டிருதேன்."

அவர் குனிந்து திரையை நெடுநேரம் பார்த்தார். அவர் மூச்சிலும் அதே எண்ணெய் வாடை. தோளில் கை வைத்து, "காலிதானே? அதக் கொண்டு போய் எங்கனயும் தூரப் போடு," என்றார். அந்தக் கை பட்ட இடத்தில் ஜாக்கெட் ஈரமானது. அந்த ஜாக்கெட்டை அவள் பிறகு எரித்துவிட்டாள்.

தென்காசிக்கு வந்ததும் நேரே போலீசுக்குத்தான் போனாள். அங்கே, அவர்கள் கண் முன்னாலேயே, டிஸ்க் அந்த வீடியோவை மறுபடி கொடுத்தது.

டேங்கைத் திறந்தபோது கூடி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஆவுடைத்தாய் ஓடவில்லை. மேலே எடுத்த உடம்பின் தலையில் ஒரு முடிகூட இல்லை. காதுக் கம்மலை வைத்து மகளை அடையாளம் சொன்னாள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்.

"கேட்டுக்கிடுங்க! எம் மவ ஓடிப் போகல!"

அய்யாத்துரையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உமா பல நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்ததும் முதல் வேலையாக, இலத்தூர் கடைக்காரர் ஒருவருக்காகப் புது டிஸ்க்கின் உறையைப் பிரித்தாள். யார் கையும் படாத டிஸ்க். கட்டளையை அடித்தாள்.

இதில் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது என்றது திரை. பெயர் JOY. தொடரவா?

உமா ஆவுடைத்தாயைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஜாய்னு யாரையும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எம் மவளுக்கு முந்தி லாட்ஜுல வேல பாத்த பிள்ள. கல்யாணம் முடிஞ்சு செங்கோட்டைக்கு அங்கிட்டு, கேரளாவுக்குப் போயிட்டான்னு அண்ணாச்சிதான் சொன்னாரு. ஏன் தாயி கேக்க?"

போனைக் காதில் வைத்தபடியே உமா மேசையைப் பார்த்தாள். டிஸ்க்கின் துளையிலிருந்து ஈரமாக ஒன்று வெளியே நீண்டுகொண்டிருந்தது.

இந்த முறை சுருட்டை முடி.