பன்னிரண்டாவது குரல்

அவள் பதிந்து வைத்தது பதினொன்றுதான். விடுமுறையில் அவள் வீட்டிலிருந்த அன்று மாலை நாலே முக்காலுக்கு உள்ளறையிலிருந்து கேட்டது பன்னிரண்டாவது.

"தலையை நல்லாத் துவட்டிக்கோ கண்ணு. ஈரத்தோட உக்காராதே, சளி பிடிச்சுக்கும்."

அவளுடைய குரலேதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சோப்பு நுரை முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஒன்பதாகும். புருஷன் சரக்கு லாரியோடு மாதத்தில் இருபது நாள் சாலையிலேயே கிடப்பான். எட்டு வயது மகள் பள்ளிவிட்டு வந்து தனியாக இருக்கிற அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான், டேப்லெட்டில் தன் குரலைப் பதிந்து நேரத்துக்கு ஒன்றாக ஒலிக்க வைத்திருந்தாள். கை கழுவு. பாலைக் குடி. வீட்டுப்பாடத்தை எடு. எல்லாமே ஒரு காலில் வெள்ளை டியூட்டி ஷூவும் மறு காலில் செருப்புமாக நின்றபடி, பஸ் போய்விடுமே என்ற பதைப்பில் பேசியவை. இப்போது கேட்ட குரலில் அந்தப் பதைப்பு இல்லை. உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல அது சாவகாசமாகப் பேசியது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் குளித்த ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, சமர்த்தாகத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தலையணையில் சாய்ந்து நின்றது டேப்லெட்.

"இதை நான் எப்பப் பதிஞ்சேன்?"

"நீ பதியலையே. அந்த அம்மா அவங்களாவே பேசுவாங்க."

"எந்த அம்மா?"

"நீ வேலைக்குப் போனப்புறம் இருக்கிற அம்மா."

தனக்கு நீ. அதற்கு அவங்க. பயம் வருவதற்கு முன்னால் அந்த மரியாதைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்று, ஓடியாடி, கால் வீங்க உழைக்கிறவள் நீ. தலையணையில் சாய்ந்துகொண்டு ஆலோசனை சொல்கிறது அவங்க.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பட்டியலில் பதினொன்றுதான் இருந்தது. பதினொன்றையும் அழித்தாள். அழித்த விரலை எடுப்பதற்குள் பதினொன்றும் திரும்ப வந்து வரிசையாக நின்றன. மறுபடி அழித்தாள். மறுபடி நின்றன. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"பழைய ஃபைல் எங்கயாவது சிக்கியிருக்கும்க்கா. ஃபேக்டரி ரீசெட் பண்ணிடு. கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும்."

"எல்லாம் போயிடுமா?"

"ஒண்ணு விடாம."

"அதுதான் வேணும்."

சொல்வது அவனுக்குச் சுலபம். செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், கடைசியில் அழி என்ற சிவப்பு எழுத்தை அவள் தொட்டதும், சார்ஜ் போதாது என்றது அது. சார்ஜரைத் தேடினாள். சோபாவுக்கு அடியில் கிடந்தது. வயரை ஒரு பக்கமாக மடித்துப் பிடித்தால்தான் ஏறும். மடித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற ஒரே விடுமுறை நாள் இப்படிப் போனது.

மகள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். "அந்த அம்மாவை என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்ல. இதைச் சுத்தம் பண்றேன்."

"அவங்க இருக்கிற இடத்தைப் பிடுங்கிட்டா, வேற எங்கயாவது வந்துதானே இருக்கணும்?"

"பட்டு, போய்ப் படி."

சள்ளென்று விழுந்தாள். குழந்தையின் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போய் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வயரை விட்டால் சார்ஜ் நின்றுவிடும்.

முதல் தடவை தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துப் போட்டாள். இரண்டாவது தடவை முடிந்து, நல்வரவு என்று வெள்ளையாக வந்து, எந்த மொழி என்று கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் அந்த வெள்ளைத் திரையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏன் இவ்வளவு அவசரப்படறே?"

டேப்லெட் மடியில் விழுந்தது. அது மகளிடம் பேசவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குத்தான்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கி, எதிர்க் கட்டடத்துச் சுவர் சாம்பல் நிறமாகியிருந்தது. மாடிப்படியில் யாரோ ஏறிப் போகும் சத்தம் தேய்ந்து நின்றது. வீட்டுக்குள் ஒரு வாசனை இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். லேபில் ஊசி குத்துவதற்கு முன்னால் தோலில் தடவுகிற ஸ்பிரிட் வாசனை, வேலை முடிந்து வரும்போது அவள் உடம்போடு கூட வருகிற வாசனை. இன்று அவள் வேலைக்கே போகவில்லை. புறங்கையை முகர்ந்து பார்த்தாள். பாத்திர சோப்புதான் மணத்தது.

மறுபடி தம்பி. "பட்டனை வச்சுப் பண்ணுக்கா. ஆஃப் பண்ணிட்டு, பவரையும் வால்யூமையும் சேர்த்து அமுக்கிப் பிடி. கறுப்பா ஒண்ணு வரும். எது கேட்டாலும் ஆமான்னு குடு."

"இதுலயும் போகலேன்னா சுத்தியலைத்தான் எடுக்கணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அழுது திமிறும் கைக்குழந்தையின் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள் என்று ஆஸ்பத்திரியே அவளைச் சொல்லும். அப்பேர்ப்பட்ட கை இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்க முடியாமல் நாலு தடவை நழுவியது. ஐந்தாவது தடவை கறுப்புத் திரை வந்தது. எல்லாவற்றையும் அழிக்கவா? ஆமாம். திரும்பப் பெற முடியாது, சம்மதமா? ஆமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். ஆமாம், ஆமாம், ஆமாம்.

நூறு சதவீதம்.

நல்வரவு. மொழி கேட்டது. கொடுத்தாள். பட்டியல் இருந்த இடம் காலி. காதருகே வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. சனியன் விட்டது என்று வாய்விட்டே சொன்னாள். தோள் இரண்டும் இறங்கின. முதல் வேலையாகப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், காரணமில்லாமல் எரிந்து விழுந்ததற்கு அவளிடம் வருத்தம் சொல்ல வேண்டும்.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருந்தது.

"பட்டு. கதவைத் திற."

உள்ளே கிசுகிசுப்பு. பிறகு நிதானமாக, தெளிவாக, அவளுடைய குரல்.

"யார் தட்டினாலும் திறக்காதே. அம்மா குரல்ல கூப்பிட்டாலும் திறக்காதே."

அது பதினொன்றாவது. அவளே பதிந்தது. குரலை அப்படியே காப்பியடித்து யாரோ ஒரு குடும்பத்தை ஏமாற்றினார்கள் என்று செய்தியில் பார்த்த அன்று பயந்துபோய்ப் பதிந்தது. யாராவது தட்டினால் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள், உண்மையான அம்மா சாவி போட்டுத்தான் வருவாள் என்று சொல்லியிருந்தாள். மூன்று தடவை ஒத்திகை வேறு. தானே வெளியே நின்று கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். மகள் அசையவில்லை. மூன்று தடவையும் சாக்லேட் கொடுத்தாள். சாவி வாசல் கதவுக்கு மட்டும்தான் உண்டு, உள்ளறைக் கதவுக்குச் சாவித் துவாரமே கிடையாது என்பதை அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

டேப்லெட் அவள் கையில் இருந்தது. திரை வெறுமையாக இருந்தது.

"பட்டு, நான்தான். நிஜமா நான்தான்டா."

"நீங்க யாரு?" மகளின் குரல் கதவை ஒட்டிக் கேட்டது. நீங்க. "அம்மா உள்ளதான் இருக்காங்க."

"உள்ள யாரும் இல்ல. தாழை எடு. தயவு செஞ்சு எடு."

"இப்படித்தான் கெஞ்சுவாங்கன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க."

கதவைத் தோளால் இடித்தாள். இடித்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. கீழ் வீட்டுக்காரர்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். பட்டு என்று உதடு அசைந்தது. சத்தம் இல்லை. தொண்டை புண்ணாகும்வரை கத்தினாள். தன் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே அவள் குரல் கதை சொல்ல ஆரம்பித்தது. அவள் ஒருநாளும் உட்கார்ந்து சொல்லாத, நீளமான கதை. மகள் சிரித்தாள்.

தரையில் விழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே விளக்கு எரிந்தது. மகளின் வெறும் பாதங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. நின்றுகொண்டிருந்தது.

படுத்தபடியே கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அவளுடைய டியூட்டி ஷூ வைக்கிற தட்டு காலி.

திரும்பப் பார்த்தபோது மகளின் பாதங்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின. குதிகால் போனது. கடைசியாகக் கட்டை விரலும் போனது, யாரோ தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது போல.

வெள்ளை ஷூ மட்டும் அங்கேயே நின்றது. அவசரத்தில் அவள் ஒருநாளும் சரியாகக் கட்டியிராத லேஸ்கள், இரண்டு காலிலும் நிதானமாக, அழகாகக் கட்டப்பட்டிருந்தன.