பிலிமின் மறுபக்கம்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தின் நிலவறையில் உட்கார்ந்து பழைய விமானப் படங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்த படப்பிரிவுக்காரர் கண்ணில், பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு தப்பு பட்டது. அறுபது வருடத்துக்கு முந்தைய பிலிம். காட்சிக்கூடத்தில் இரட்டைச் சிறகு விமானம், முன்னால் மூன்று பேர். வாலிலிருந்த எண் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறியிருந்தது. பிலிமைப் புரட்டி வைத்துவிட்டார். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்புதான். திருப்பி வைத்தார். எண் சரியாக வந்தது. கூடவே பழைய எண்ணெயும் நனைந்த தோலும் கலந்த வாடை ஒன்று மெல்ல எழுந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் பிடரியருகே வந்து நின்றது.

போனில் மனைவி.

"நாலு மணிக்கு ஸ்கூல்லேருந்து பாப்பாவ கூட்டிட்டு வரணும். ஞாபகம் இருக்கா, இல்ல அந்த ஓட்ட விமானத்துல பறந்துட்டிருக்கீங்களா?"

"கிளம்பிட்டேன்னு வச்சுக்க."

"வச்சுக்க மாட்டேன். போன தடவ வாட்ச்மேன் மடியில தூங்கிட்டா. நீங்க நடக்குற சத்தம் கேட்டாத்தான் போன வைப்பேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் விட்டுவிட்டு இடப்பக்கம் நடந்தார். பதினோரு வருடமாகக் கதவு இருந்த இடத்தில் சுவர். கதவு வலப்பக்கம் போயிருந்தது. கடிகார முள் எதிர்த்திசையில் ஓடியது.

பிலிமைத் திருப்பியதில் அறையும் திரும்பிவிட்டது, அவ்வளவுதானே. மறுபடி திருப்பினால் போச்சு.

திருப்பினார்.

இரண்டு பக்கமும் சுவர்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

பிலிம் உறையின்மேல் மங்கிய மையில் எழுதியிருந்ததை அப்போதுதான் முழுதாகப் படித்தார். 'இடமிருந்து வலம்: காவலர், தச்சர், மேலாளர். விமானத்துக்குள்: படப்பிரிவுக்காரர்.'

திரையைப் பார்த்தார். விமானத்துக்குள் யாருமில்லை. இருக்கை காலி.

இடுப்பில் ஒரு வார் இறுகியது.

தோல் வாடை. முகத்துக்கு நேரே கண்ணாடி. அதற்கப்பால் மூன்று பிடரிகள். அவற்றுக்கும் அப்பால் அவருடைய மேசை, காலி நாற்காலி, போன்.

"நடங்களேன்" என்றது போன்.

காலால் ஓங்கி உதைத்தார். சத்தமில்லை. மறுபடி உதைத்தார்.

மூவரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

திரும்பிய பக்கமும் பிடரிதான்.

இவ்வளவையும் மறுநாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி வெளியே வந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டு எனக்குச் சொன்னவர், அந்தப் படப்பிரிவுக்காரரேதான்.