இடப்பக்க இருக்கை

ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்று வண்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டியது; கூடவே டிங், டிங் என்று மணி. பின்னால் முழங்காலை மடக்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்த வைஷாலி, தன் கணவன் ராகவன் இடப்பக்கம் சாய்ந்து, அந்தக் காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டுவதைப் பார்த்தாள். மணி நின்றது. அதில் ஒன்றுமில்லை, யாரும் செய்வதுதான். ஆனால் மாட்டுவதற்கு முன் அவன் கை தோள் உயரத்தில் ஒரு கணம் தயங்கி, பெல்ட்டில் சிக்கிய கூந்தலை ஒதுக்கிவிடுவது போல மெல்ல விலகியது.

எட்டு வருடம் ஓடிய பழைய வண்டி. தாழ்வாக, இரண்டே கதவுகளோடு, நின்றாலும் ஓடுவது போலத் தெரியும் ஸ்போர்ட்ஸ் கார். மூன்று மாதத்துக்கு முன் பெங்களூரில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று சதுரங்கப்பட்டினத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான் ராகவன். முதல் வாரத்திலேயே இடப்பக்கக் கதவின் பூட்டு இறுகிக்கொண்டது. நடுவில் கியர் மேடு தடுத்ததால், அன்றிலிருந்து வைஷாலி ஓட்டுநர் பக்கமாக ஏறி, இருக்கையை மடக்கி, பின்னால் நுழைந்தாள். பிறகு அதே பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கத் தொடங்கியது. பிறகு ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து, வண்டிக்குள் வெல்லப்பாகு போல ஒரு இனிப்பு வாடை. எல்லாம் இடப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் செங்கல்பட்டில் ஒரு பில். கதவை மட்டும், உதிரிபாகம் வரவில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

அலுவலகம் முடிந்து அவன் தனியாகக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வருவான். வந்ததும் முகத்தில் ஒரு களை இருக்கும். கல்யாணமான புதிதில் அவளுக்காக மட்டும் வந்த களை அது.

"எவளை அந்த சீட்ல உக்கார வெக்கிறீங்க?" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே கேட்டாள்.

"அந்தக் கதவே திறக்காது வைஷு. யார் உக்காருவா?"

அவன் குளிக்கும்போது செல்போனைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. அவன் அலுவலகத்து சுஷ்மிதாவைப் பற்றி விசாரித்தாள். அவள் மாற்றலாகிப் போய் ஆறு மாதம். கிடைக்காமல் போகப்போக வைஷாலிக்கு வயிறு எரிந்தது. பின்னால் உட்கார்ந்து அந்தக் காலி இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு வருவாள். அந்தத் தோலில் ஆள் சாய்ந்தது போன்ற குழிவு. வாரத்துக்கு வாரம் அது ஆழமாவதாகத் தோன்றியது.

சனிக்கிழமை பிடிவாதம் பிடித்து அவனை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனாள். மெக்கானிக் திருநாவுக்கரசு முன் இருக்கையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார்.

"இந்த மாடலுக்கு இது சகஜம்மா. சீட்டுக்குள்ள ஒரு சென்சார் கீது. கெட்டுப்போச்சுன்னா ஆளு குந்திகினு கீதுன்னு அதுவா நெனச்சிக்கும். உப்புக்காத்துல வயரு வேற பச்சை பூத்துக்கும்."

"மாத்திடுங்க."

"போன மாசந்தான் முப்பத்தெட்டாயிரத்துக்குப் புதுசு போட்டேன். சார் சொல்லலியா?"

வைஷாலி திரும்பினாள். ராகவன் வேறு எங்கோ பார்த்தான்.

"அப்ப வயரையே புடுங்கிடுங்க. கதவையும் சரி பண்ணுங்க. இன்னைக்கே."

திருநாவுக்கரசு வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றி அவளிடம் காட்டினார். "இனிமே ஏர்பேக் லைட்டு மட்டும் எரியும். பெல்ட்டு லைட்டு எரியவே எரியாது."

இடப்பக்கக் கதவு புதுப் பூட்டோடு திறந்தது. ராகவன் கதவைப் பிடித்தபடி, "பின்னாடியே உக்காரேன்" என்றான். குரல் கெஞ்சியது. அவனை விலக்கிவிட்டு வைஷாலி அதில் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். இது என் இடம்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து ஈரமண் வாசமும் யாரோ சருகு கொளுத்தும் புகையும் வந்தன. இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் நின்ற வண்டி, அதனால்தான் என்று நினைத்தாள். ஆனால் சூடு முதுகில் மட்டும் இருந்தது. விட்டு விட்டு வந்தது. முதுகுப்பக்கத் தோல் மெல்ல உப்பியது, அடங்கியது; உப்பியது, அடங்கியது.

டிங்.

சிவப்பு விளக்கு.

டிங். டிங்.

தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது.

"ஏங்க, வயரைப் புடுங்கிட்டாரே."

அவன் முகத்தில் அந்தக் களை வந்துவிட்டிருந்தது.

அதே இனிப்பு வாடை. இப்போது பின்கழுத்தில். மூச்சாக.

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

வண்டி வேகம் எடுத்தது. சவுக்குத் தோப்பு இருபுறமும் கறுப்பாக ஓடியது. பெல்ட் இறுகியது. அவளுக்கு அடியில் இருக்கை அசைந்து, இரண்டு தொடைகளாகத் திரண்டு, அவளை மடியில் ஏற்றிக்கொண்டது. வைஷாலி ஒரு கையால் கதவின் கைப்பிடியை இழுத்தாள். புதுப் பூட்டு. திறக்கவில்லை. இன்னொரு கையால் பெல்ட்டின் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"பயப்படாத" என்றான் ராகவன். அவ்வளவு பிரியமாக அவன் பேசி எத்தனையோ நாளாயிற்று. "அவ இறங்கிடுவா."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் இடது கையை நீட்டி, வைஷாலியின் மடியில் வைத்தான். அங்கே விரித்திருந்த ஒரு கை அவன் விரல்களைக் கோத்துக்கொண்டது.

வைஷாலியின் இரண்டு கைகளும் கதவிலும் பெல்ட்டிலும் இருந்தன.